எலெக்ட்ரிகலில் கடைசி இடம்

நான் மைனிங் இன்ஜினியர் ஆனதற்குக் காரணம் என் அப்பாவின் வன்மம். படிப்பின் மேல் ஆசையும் இல்லை, மண்ணுக்கு அடியில் இருப்பதைத் தோண்டி நாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பெருமையும் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, சுரங்கத்தையே மூச்சாகக் கொண்டவர் என்று ஒருவர் பேசினார். கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சுரங்கத்தைப் பிடிக்காது. அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகக் குழி தோண்ட எடுத்துக்கொண்ட ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. முந்திரியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைந்த ஒரு துண்டுக் கொல்லை எங்களுக்கு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு மைன்ஸில் வேலை கொடுத்தார்கள், டவுன்ஷிப்பில் சின்னதாக ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். பெர்மனென்ட் வேலை என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை இதுதான்: பெரிய இயந்திரம் வெட்டிப் போடும் மேல்மண்ணை ஒரு ரப்பர் பெல்ட் சுமந்துகொண்டு போகும். வழியெல்லாம் ஈரக் களிமண் சரிந்து பெல்ட்டுக்கு அடியில் குவியும். அதை மண்வெட்டியால் வாரி மறுபடியும் மேலே போட வேண்டும். வாரிப் போட்டதில் பாதி மறுபடியும் கீழே விழும். எந்த ஷிப்டுக்குப் போனாலும் இதுதான் வேலை.

எனக்குக் கரண்ட் பைத்தியம். ஊரில் சிம்னி விளக்கில் படித்தவன் நான். குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் நாள் சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து, கடைசியில் அம்மாவிடம் கரண்டிக் காம்பால் அடி வாங்கினேன். சென்னையில் இன்ஜினியரிங் படிப்பில் இடம் கிடைத்தபோது, எடுத்தால் எலெக்ட்ரிகல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். முதல் வருஷம் எல்லோருக்கும் பொதுப் பாடம். அதில் வாங்கும் மார்க்கை வைத்து இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எலெக்ட்ரிகலுக்குத்தான் அடிதடி. அடுத்து மெக்கானிக்கல், அதற்கடுத்து சிவில். மைனிங் அப்போது புதிதாக வந்த பிரிவு, அதில் சேர்வதற்கு ஆளைத் தேட வேண்டியிருந்தது. ஹாஸ்டலில் யாராவது பரீட்சையில் கோட்டைவிட்டால், உனக்கு மைனிங்தான் என்று கேலி செய்வோம். நானும் செய்திருக்கிறேன்.

ஒரு வருஷம் முழுவதும் வெறி பிடித்தவன் மாதிரி படித்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் கையில் மண் ஒட்டாத ஒரு வேலை, வெள்ளைச் சட்டை, தலைக்கு மேல் கூரை. மார்க் வந்தது. எலெக்ட்ரிகல் கிடைக்கும் என்று தெரிந்துதான் கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கும் அதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. "எதுனா படி, ஆபீசரா வா, அது போதும்" என்றார்.

அந்த விடுமுறையில்தான் மண்ணை வெட்டும் அந்தப் பெரிய இயந்திரம் எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

வேலை நேரத்தில் அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். ஷிப்ட் இன்ஜினியரின் ஜீப் வந்து நின்றது. அவர் மைனிங் படித்தவர், வெளி மாவட்டத்துக்காரர், அப்பாவைவிட ஓரிரு வயது இளையவர். என்ன வேடிக்கை என்று கேட்டார். "எங்க கொல்லைங்க அது. நேத்து வரிக்கும் அங்க ஒரு முந்திரி நின்னுகினு இருந்துச்சிங்க" என்றார் அப்பா.

"ஓ, உன் கொல்லையா? அப்ப கடைசியா ஒரு தடவை விழுந்து கும்பிட்டுக்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"கும்பிடுடா."

அப்பா களிமண்ணில் விழுந்து கும்பிட்டு எழுந்தார். நெற்றி தரையில் படவில்லை, இன்னொரு தடவை என்றார் அந்த மனிதர். பிறகு இன்னொரு தடவை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஜீப்பில் சாய்ந்து நின்றார். அது தீரும்வரை அப்பா விழுவதும் எழுவதுமாக இருந்தார். கூட இருந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி மறுநாள் குழாயடியில் அம்மாவிடம் இதைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள்.

அப்பா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்தார், குளித்தார், சாப்பிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மைன்ஸு ஆபீசருங்க இன்னா படிச்சிகினு வரானுங்க?"

"மைனிங்" என்றேன்.

"ஒங்க காலேஜுல இருக்குதா அது?"

"இருக்குது. யாரும் எடுக்க மாட்டாங்க."

"நீ எடுக்குற."

அன்றைக்கு நான் சிரித்தேன். அடுத்த நாள் சிரிக்க முடியவில்லை. அப்பா அதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. அவருடைய கணக்கு இதுதான்: நான் எலெக்ட்ரிகல் படித்தால் மின் நிலையத்துக்குப் போய்விடுவேன், அந்த மனிதர் மைன்ஸில் இருப்பார், இருவரும் சந்திக்கவே மாட்டோம். மைனிங் படித்தால் அதே குழிக்கு, அந்த மனிதருக்கு மேலே அதிகாரியாக வருவேன். ஒருநாள் அப்பா மண் வாரிக்கொண்டிருக்கும்போது நான் ஜீப்பில் வந்து இறங்கி, எல்லோருக்கும் முன்னால் அந்த மனிதரை நிற்க வைத்துக் கேட்க வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதை அப்பா சொல்லவில்லை. அந்தக் காட்சி மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது.

"நான் படிச்சி முடிக்கிறதுக்குள்ள அவரும் மேல போயிடுவாருப்பா" என்றேன்.

"ஆபீசருக்கு மேல இன்னா இருக்குது? அவன் எங்க போவான்? அங்கதான் குந்திகினு இருப்பான்."

இதை எப்படிப் புரியவைப்பது? அப்பாவின் உலகத்தில் யாருக்கும் பதவி உயர்ந்ததில்லை. முதல் நாள் கையில் மண்வெட்டி கொடுத்தார்கள், அவருக்குக் கடைசி நாளும் மண்வெட்டிதான். அதனால் ஜீப்பில் வருபவரும் சாகும்வரை அதே ஜீப்பில் வருவார் என்று நினைத்தார். அந்த நாற்காலி அங்கேயே இருக்கும், அதற்கு மேல் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், பட்டம் வாங்கி வந்தவுடன் பிள்ளை நேராக அதில் போய் உட்காருவான். அவர் மட்டும் இல்லை, எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் இப்படித்தான் நம்பினார்கள்.

அந்த மனிதரின் மகனும் என் வகுப்பில்தான் படித்தான். மார்க்கில் எனக்குச் சற்றே கீழே. அது தெரிந்ததும் அப்பாவின் வெறி அதிகமானது. "அவன் புள்ளையும் மைனிங்தான் எடுப்பான். அப்பன் இருக்கிற எடத்துக்குத்தான புள்ள வரும். அவனையும் நீ முந்திக்கணும்" என்றார்.

நான் முடியாது என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் குரல் உயர்த்தினேன். அப்பா என்னை அடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

"இவன் கரண்டுதான் படிப்பான்னா, நீ துணிய எடுத்துகினு ஒங்க அம்மா வூட்டுக்குக் கெளம்பு."

அம்மா பிறந்த ஊரும் குழிக்குள் போய்விட்டது. அவளுடைய அண்ணன்கள் ஆளுக்கொரு திசையில் சிதறியிருந்தார்கள். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல், "எந்த ஊருக்கு?" என்று கேட்டாள்.

"ஏன், குழிக்குத்தான்."

அம்மா உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏதோ ஒண்ணு படிச்சித் தொலையேண்டா." அவளை நான் மன்னிக்க நாளாயிற்று. அப்பாவின் மேல் கோபப்படத் தெம்பு வேண்டும், அம்மாவின் மேல் கோபப்படுவது எளிது. எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அப்பா என்னை நம்பவில்லை. லீவு போட்டுவிட்டு, என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடலூரில் பஸ் ஏறிச் சென்னைக்கு என் கூடவே வந்தார்.

பிரிவு தேர்ந்தெடுப்பதை ஒரு பெரிய கூடத்தில் நடத்தினார்கள். முன்னால் பேராசிரியர்கள். பக்கத்தில் ஒரு கரும்பலகையில் ஒவ்வொரு பிரிவின் பெயரும், அதற்குக் கீழே மீதமிருக்கும் இடங்களும் சாக்பீஸால் எழுதியிருந்தன. ரேங்க் வரிசையில் கூப்பிடுவார்கள். எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி பிரிவைச் சொல்ல வேண்டும். சொன்னதும் பியூன் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று குறைத்து எழுதுவார். பெற்றோர்கள் வராந்தாவில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் காது கேட்கும்.

எலெக்ட்ரிகலுக்குக் கீழே இருந்த எண் மளமளவென்று குறைந்தது. என்னைக் கூப்பிட்டபோது அங்கே ஒன்று என்று எழுதியிருந்தது. மைனிங்கில் ஓர் இடம்கூடப் போகவில்லை.

நான் எழுந்து நின்றேன். பியூன் எலெக்ட்ரிகலில் கையை வைத்துவிட்டார், அழிப்பதற்கு. அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

"மைனிங்" என்றேன்.

கூடம் சிரித்தது. நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உன் ரேங்க் தெரியுமா உனக்கு? போர்டைப் பார். யோசித்துச் சொல்" என்றார். நல்ல மனிதர். அவர் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை மைனிங் என்றேன்.

அடுத்து கூப்பிட்டது அந்த மனிதரின் மகனை. அவன் எழுந்தான், ஒரு கணம் என்னைப் பார்த்தான், கிடைத்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாதவனாக "எலெக்ட்ரிகல்" என்றான். பியூன் ஒன்றை அழித்துவிட்டு வட்டமாக ஒரு சைபர் போட்டார். அந்தச் சைபரை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். மேல்பக்கம் சரியாக மூடவில்லை.

நான் வெளியே வந்தபோது அந்த மனிதர் அப்பாவுக்கு எதிரில் நின்றிருந்தார். மகனைக் கொண்டுவிடக் காரில் வந்திருக்கிறார். அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக் கைகட்டி நின்றார். அவரை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்ற அளவில்தான் அந்த மனிதருக்கு நினைவிருந்தது. சிகரெட் தீரும்வரை விழுந்து எழுந்தவன் இவன்தான் என்பது மறந்துபோயிருந்தது. இது எனக்கு அவர் அன்று செய்ததைவிடக் கேவலமாகப் பட்டது.

"நீ நம்ம பெல்ட் கேங் தானே? இவன் உன் பையனா? பரவாயில்லையே" என்றார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். "நல்லவேளை, உன் பையன் மைனிங் எடுத்தான். நான் என் பையன்கிட்ட சொல்லிட்டேன், மைனிங்னு வாயைத் திறந்தா காலை ஒடிச்சிடுவேன்னு. அந்தச் சேத்துல நான் படறது போதாதா? நீ கவலைப்படாதே, முடிச்சதும் நேரா எங்கிட்ட அனுப்பு. அதுக்குள்ள நான் இன்னும் ரெண்டு படி மேல போயிருப்பேன். அவன்கிட்ட நானே வேலை வாங்கிக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "சரிங்க" என்றார்.

"அப்படியே என் பையனோட பெட்டி வண்டியில இருக்கு. கொஞ்சம் ஹாஸ்டல் மாடியில ரூம்ல வெச்சிடு."

மகன், நானே எடுத்துக்கிறேன் என்று ஒருமுறை சொன்னான். அப்பா அதற்குள் குனிந்து பெட்டியைத் தலையில் ஏற்றிவிட்டார். என் பெட்டி வராந்தாவில் கிடந்தது. அதை நான் தூக்கிக்கொண்டு, அவருக்குப் பின்னால் மாடிப்படி ஏறினேன். முன்னால் போகிற அவருடைய குதிகால் வெடிப்பில் நெய்வேலிக் களிமண் இருந்தது. எத்தனை தேய்த்தாலும் அது போகாது.

அப்பாவை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பஸ் வந்த பிறகு என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"அந்த எடம் அவன் புள்ளைக்குப் போவப் போவுதுன்னு ஒனக்குத் தெரியாதா? எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? சொல்லியிருந்தா கரண்டே எடுன்னு சொல்லியிருப்பேனே. அவன் புள்ளைக்குக் கெடைக்காம இருந்திருக்கும் இல்ல."

எனக்குக் கிடைத்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அந்த மனிதரின் பிள்ளைக்குக் கிடைக்காமல் போயிருக்கும் என்றுதான் சொன்னார். பஸ் நகர்ந்தபோது அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் கையை அசைக்கவில்லை. அந்த பஸ் வழியில் கவிழ்ந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

மைனிங்கை நன்றாகவே படித்தேன். வேறு என்ன செய்வது? பக்கத்துக் கட்டடத்தில் எலெக்ட்ரிகல் லேப். மாலையில் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போவேன். பட்டம் வாங்கியதும் நெய்வேலியிலிருந்தே டிரெயினியாகச் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். அதற்குள் நிலக்கரி எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த மனிதர் சொன்னபடியே மேலே போயிருந்தார், மைன்ஸில் அவர் வைத்ததுதான் சட்டம். என் அப்பா அதே பெல்ட்டில், அதே மண்வெட்டியோடு இருந்தார்.

முதல் வாரத்தில் ஒருநாள் அந்த மனிதர் டிரெயினிகளைக் குழிக்குள் அழைத்துப் போனார். பெல்ட் ஏதோ பழுதாகி நின்றிருந்தது. கேங் முழுக்க ஓரமாக நின்றது. அப்பாவும் அதில் இருந்தார். நான் ஹெல்மெட்டும் புது பூட்ஸும் போட்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்த காட்சி கிட்டத்தட்ட நடந்துகொண்டிருந்தது, ஆட்கள் நிற்கும் இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

அந்த மனிதர் கண்ணுக்கு எதிரே இருந்த மண் சரிவைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். பதில் எனக்குத் தெரியும். அப்பா பார்க்கிறார் என்பதால் தப்பாக ஒன்று உளறினேன்.

அவர் கேங்கைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தீங்களாய்யா? மண்வெட்டி புடிக்க வேண்டியவனுக்கு பட்டத்தைக் குடுத்தா இப்படித்தான். பேசாம இவனுக்கும் ஒரு மண்வெட்டி குடுங்க, அவங்க அப்பன் பக்கத்துலயே நிக்கட்டும்."

யாரும் அசையவில்லை. எல்லோருடைய கண்ணும் அப்பாவின் மேல் இருந்தது. அந்த மனிதரும் புருவத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத்தான் பார்த்தார்.

அப்பா சிரித்தார். வாயைத் திறந்து, சத்தமாக. அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கு அனுமதி கிடைத்த மாதிரி கேங் முழுவதும் சிரித்தது. அந்த மனிதருக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. என் தோளில் தட்டிவிட்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும், எனக்கு அதைத் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை.

அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா காலையிலிருந்து காத்திருந்தாள்.

"புள்ளைய உள்ள பாத்தியா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"பாத்தேன்."

"அந்த ஆளு புள்ளைகிட்ட எப்படி நடந்துகினான்?"

அப்பா சோற்றைப் பிசைந்தார். "நல்லாத்தான். தோள் மேல கை போட்டு இட்டுகினு போனான். சிரிச்சிகினே பேசுனான், நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னப்பா அப்படியா என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, வழக்கத்துக்கு மாறாக, அவரைத் தாண்டி எனக்கு முதலில் ஊற்றினாள்.